முதுமையின் கணக்கில் யார் கடனாளி?

சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரலில் தொடங்கியபோது அது மாதம் 20 ரூபாய். காமராஜர் முதல்வராக இருந்த காலம். உத்தரப் பிரதேசம் 1957இலேயே இப்படியொரு திட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. இன்று தமிழ்நாட்டில் அந்தத் தொகை 1,200 ரூபாய். 2023 ஆகஸ்டில் ஆயிரத்திலிருந்து ஏற்றப்பட்டது. இருபதுக்கு ஆயிரத்து இருநூறு என்றால் அறுபது மடங்கு. மேடையில் சொல்ல நன்றாகத்தான் இருக்கும்.

விலைவாசியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்றிய அரசின் தொழிலாளர் பணியகம் மாதந்தோறும் வெளியிடும் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு 1960, 1982, 2001, 2016 என்று அடிப்படை ஆண்டுகள் மாறி வந்திருக்கின்றன. பழைய தொடரோடு புதியதைப் பொருத்துவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு இணைப்பு எண் தரப்பட்டது: 4.93, 4.63, 2.88. 2023 ஆகஸ்டில் குறியீடு 139ஐ ஒட்டி இருந்தது. அதை இந்த மூன்றாலும் பெருக்கினால் 9,100க்குச் சற்று மேலே வரும். அதாவது 1960இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களுக்கு 2023இல் 9,100 ரூபாய் கொடுக்க வேண்டும். 1960க்கும் 1962க்கும் இடையில் ஏறிய சில விழுக்காட்டைக் கழித்துவிட்டால், காமராஜர் காலத்து 20 ரூபாய்க்கு 2023இல் ஈடு ஏறத்தாழ 1,700 ரூபாய். அறுபது ஆண்டுகளில் மாநிலத்தின் வருமானம் எங்கேயோ போய்விட்டது. முதியவர் கைக்கு வரும் தொகையோ தொடங்கிய இடத்துக்கும் கீழே நிற்கிறது.

இந்தக் கணக்குக்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். 1962இல் ஒரு முதியவரின் இருபது ரூபாயில் பெரும்பங்கு அரிசிக்கே போயிருக்கும். இன்று அந்தச் செலவில் பெரும்பகுதி இல்லை. அரசு மருத்துவமனையும் அன்றைக்குவிடப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆகவே 1,200 ரூபாய் முன்பைவிட மோசம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். என் கேள்வி வேறு. இந்தத் தொகை எப்போது ஏற வேண்டும் என்பதற்கு ஏன் விதியே இல்லை?

ஏனென்றால் அதே குறியீடு வேறொரு முதியவருக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வேலை செய்கிறது. ஓய்வுபெற்ற அரசு ஊழியரின் அகவிலைப்படி இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. ஒன்றிய அரசில் அது 2025 ஜனவரியில் 55 விழுக்காடு, ஜூலையில் 58. எண்பது வயதைத் தொட்டால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகவும் சேரும். அவர் யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. களையெடுத்து, நாற்று நட்டு, சித்தாள் வேலை பார்த்து ஓய்ந்த பெண்ணுக்கு ஏற்றம் வர வேண்டுமானால் ஒரு தேர்தல் வர வேண்டும், அல்லது ஒரு பட்ஜெட்டில் யாருக்காவது மனம் வர வேண்டும். ஒன்றிய அரசு தன் பங்காக 60 முதல் 79 வயது வரை தருவது மாதம் 200 ரூபாய். 2006இலிருந்து அது அசையவே இல்லை. அதற்குப் பிறகு விலைகள் மூன்று மடங்கானதால் அன்றைய 200 இன்று எழுபது ரூபாய்க்கும் கீழ்.

வயதானவரைத் தாங்குவது என்றால் பொருளாதாரத்தில் என்ன நடக்கிறது? பொருளியலாளர் பால் சாமுவேல்சன் 1958இல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பட்டவர்த்தனமாகச் சொன்னது. எதையும் சேர்த்துவைக்க முடியாத ஒரு உலகத்தை அவர் கற்பனை செய்தார். அங்கே உழைக்க முடியாதவர் சாப்பிட வேண்டுமானால், இன்று உழைக்கும் தலைமுறை தன் விளைச்சலில் பங்கு கொடுத்தாக வேண்டும். பதிலுக்கு அந்தத் தலைமுறைக்கு அடுத்த தலைமுறை கொடுக்கும். நம் உலகில் நெல்லைக் குதிரில் கொட்டலாம், நகை வாங்கலாம், வங்கியில் போடலாம். ஆனாலும் 2045இல் எழுபது வயதாகும் ஒருவர் சாப்பிடப் போவது 2045இல் விளையும் அரிசியைத்தான்; அவரைத் தூக்கி உட்கார வைக்கப் போவது அன்றைக்கு உடம்பில் தெம்புள்ள ஒருவர்தான். இன்றைய சேமிப்பு அந்த நாளின் விளைச்சலில் பங்கு கேட்கும் உரிமைச் சீட்டு, அவ்வளவே. பிள்ளையும் அப்படியொரு உரிமைச் சீட்டு. அரசு உதவித்தொகையும் அப்படியே. எந்தச் சீட்டை யாரால் மறுக்க முடியும், எந்தச் சீட்டு தானாகத் தேய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

சந்தை தரும் சீட்டுகளிலிருந்து தொடங்கலாம். உழைக்கும் வயதில் சேர்த்து, ஓய்ந்த வயதில் செலவழிப்பது மனித இயல்பு என்பது பிராங்கோ மோடிலியானியின் வாழ்நாள் சுழற்சிக் கோட்பாடு. அவருக்கு 1985இல் நோபெல் கிடைத்தது. சேர்ப்பதற்கு மாதக் கடைசியில் ஏதாவது மிஞ்சும் என்ற அனுமானத்தில் அது நிற்கிறது. மிஞ்சாதவர்களுக்காக 2015இல் அடல் ஓய்வூதியத் திட்டம் வந்தது. 18 வயதில் சேர்ந்து மாதம் 210 ரூபாய் கட்டிக்கொண்டே வந்தால், 60 வயதில் மாதம் 5,000 ரூபாய் உறுதி என்கிறார்கள். 42 ஆண்டுகள். விலைகள் ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால் அந்த ஐயாயிரத்தின் இன்றைய மதிப்பு 650 ரூபாய்கூட இல்லை. 4 விழுக்காடு ஏறினாலும் ஆயிரத்தைத் தொடாது. உறுதி தரப்பட்டிருப்பது நோட்டின் எண்ணிக்கைக்கு. அது எதை வாங்கும் என்பதற்கு உறுதி இல்லை.

ஆலைத் தொழிலாளிகளின் நிலை இதைவிடக் கொஞ்சம் மேல். 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். 10,000 ரூபாய் சம்பளத்தில் 12 ஆண்டு தைத்தவருக்கு மாதம் 1,714 ரூபாய் வரும். பத்தாண்டு நிறையாவிட்டால் ஓய்வூதியமே கிடையாது, போட்டதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் வேலைக்குச் சேரும் பெண்கள் கல்யாணத்துக்கோ பிரசவத்துக்கோ வேலையை விடும்போது பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துவிடுவது வழக்கம். அந்த நேரத்தில் அந்தப் பணம் தேவை. யாரும் குறை சொல்ல முடியாது. ஐந்தாறு ஆண்டு கழித்து வேறொரு கம்பெனியில் சேரும்போது பணிக்காலம் ஒன்றிலிருந்து ஆரம்பம். இந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பர் முதல் 1,000 ரூபாய். இதற்கும் குறியீட்டுப் பிணைப்பு இல்லை. அன்றைய ஆயிரம் இன்று ஏறத்தாழ 600 ரூபாய்க்குத்தான் ஓடும்.

கையில் பணமுள்ள நடுத்தர வர்க்கத்துக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 8.2 விழுக்காடு வட்டி, 30 லட்சம் வரை போடலாம். அதிலும் ஒரு கண்ணி. விலைகள் ஐந்து விழுக்காடு ஏறும் ஆண்டில் வரும் 8.2இல் ஐந்து, முதலின் தேய்மானத்துக்கு ஈடு. உண்மையான வருமானம் மூன்றே சொச்சம். ‘வட்டியை மட்டும்தான் சாப்பிடுறோம், முதலைத் தொடல’ என்று பெருமையாகச் சொல்லும் ஓய்வுபெற்ற தம்பதி, அறியாமலேயே முதலைத்தான் சாப்பிடுகிறார்கள். தொண்ணூறுகளில் 12 விழுக்காடு வட்டி கிடைத்தது என்று ஏங்குகிறவர்கள், அந்த ஆண்டுகள் சிலவற்றில் விலையேற்றமும் பத்தைத் தாண்டியிருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

ஆகப் பெரும்பாலோருக்கு முதல் சீட்டும் கடைசிச் சீட்டும் பிள்ளைதான். ‘கடைசி காலத்துல கஞ்சி ஊத்த ஒரு ஆள் வேணும்’ என்பதில் ஒரு காப்பீட்டுத் தர்க்கம் இருக்கிறது. ஒரு பிள்ளை பெற்றோரைக் கவனிக்காமல் போக மூன்றில் ஒரு வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐந்து பிள்ளைகளில் ஒருவருமே கவனிக்காமல் போக 243இல் ஒன்றுதான் வாய்ப்பு. இரண்டு பிள்ளை என்றால் ஒன்பதில் ஒன்று. ஒற்றைப் பிள்ளை என்றால் மூன்றில் ஒன்று. ஒருவர் முடிவு இன்னொருவரைப் பாதிக்காது என்று கொண்டு போட்ட கணக்கு இது. வீட்டில் அப்படியா நடக்கிறது? ஐந்து பேர் இருக்கும் இடத்தில் ‘மூத்தவன் பார்க்கட்டும்’ என்று நான்கு பேர் ஒதுங்குவதும் உண்டு. அதற்கு ஊர் கண்டுபிடித்த மருந்துதான் முறை வைத்துச் சோறு போடுவது. இந்த மாதம் பெரியவன் வீடு, அடுத்த மாதம் சின்னவன் வீடு. சில குடும்பங்களில் அம்மா ஒரு மகனிடம், அப்பா இன்னொரு மகனிடம். மாதம் 31 நாளாக அமைந்தால் அந்த ஒரு நாள் யார் வீட்டில் என்று முணுமுணுப்பு எழும். முதியவருக்கு இதில் சோறு நிச்சயம். ஒரு நிலையான திண்ணை கிடையாது.

இந்தக் காப்பீட்டின் அடித்தளம் இப்போதுதான் மாறத் தொடங்கியிருக்கிறது, இதை நாம் சரியாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ சுவரெழுத்தைப் பார்த்து வளர்ந்து, எண்பதுகளின் கடைசியில் கல்யாணம் செய்துகொண்ட தலைமுறைக்கு இப்போதுதான் அறுபது ஆகிறது. இன்றைக்கு எண்பது வயதுள்ளவர்களுக்கு நான்கைந்து பிள்ளைகள் சாதாரணம். இவர்களுக்கு இரண்டு, பலருக்கு ஒன்று. 2019-21 குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8. 2011 கணக்கெடுப்பில் அறுபதைக் கடந்தவர்கள் மாநில மக்களில் 10.4 விழுக்காடு, 2036இல் ஐந்தில் ஒருவர் அப்படி இருப்பார் என்கின்றன மக்கள்தொகை முன்கணிப்புகள்.

பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தபோதே பணம் ஓடும் திசையும் மாறியது. ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல் 1976இல் முன்வைத்த கருத்து இது: பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குச் செல்வம் பாயும் சமூகத்தில் குழந்தைகள் அதிகம் பிறக்கும், திசை திரும்பி, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பாயத் தொடங்கினால் பிறப்பு குறையும். கல்வி அந்தத் திசையைத் திருப்புகிறது என்றார் அவர். தமிழ்நாட்டில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். மெட்ரிக் பள்ளிக் கட்டணம், பொறியியல் கல்லூரிக் கட்டணம், விடுதிச் செலவு என்று ஒரு தலைமுறை தன் முதுமைக்கான பணத்தைப் பிள்ளையின் படிப்பில் போட்டது. நிலத்தை விற்றுப் படிக்க வைத்தவர்கள் எத்தனையோ பேர். அது முதலீடு என்றால், பெரும்பாலும் எழுதப்படாத ஒப்பந்தத்தின் பேரில் செய்த முதலீடு.

எழுதப்பட்ட ஒப்பந்தம் ஒன்றும் இருக்கிறது. அது சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடக்கிறது. 1985இல் பெர்ன்ஹைம், ஷ்லெய்ஃபர், சம்மர்ஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் அமெரிக்கத் தரவுகளை வைத்து எழுதிய கட்டுரை ஒன்று, வாரிசாகத் தரக்கூடிய சொத்து பெற்றோர் கையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குப் பிள்ளைகளின் வருகையும் விசாரிப்பும் கூடுகிறது என்று காட்டியது. பிள்ளை ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் இது பலிக்கிறது. ஒருவனே வாரிசு என்றால் காட்டி மிரட்ட இன்னொரு ஆளில்லை. படிக்கக் கசப்பாக இருக்கும். நம்மூர்ப் பெரியவர்களுக்கு இது புதிதில்லை. ‘இருக்கிற வரைக்கும் கையை விட்டுடாத’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இதைத்தான்.

அப்படியும் கையை விடுகிறார்கள். உயில் எழுதினால் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிவுசெய்தால் சொத்து அன்றைக்கே கைமாறும். ஆனால் உயிலை வைத்து மகனால் வங்கிக் கடன் வாங்க முடியாது, வீட்டை இடித்துக் கட்ட முடியாது. செட்டில்மெண்ட் எழுத அதிகச் செலவும் இல்லை. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை சொத்து மதிப்பில் 1 விழுக்காடு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. பத்திர எழுத்தர் வழக்கமான வாசகத்தைத் தட்டிவிடுவார்: மகன் மேல் உள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் எழுதிக்கொடுப்பது, இனி ரத்து செய்ய உரிமையில்லை. ‘என் ஆயுள் உள்ளவரை நானே அனுபவித்துக்கொள்வேன்’ என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்பது பெரியவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பக்கத்தில் மகன் நிற்கும்போது வாய் வராது.

இங்கேதான் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் நுழைகிறது. அதன் 23ஆம் பிரிவின்படி, பார்த்துக்கொள்வதாக ஏற்றுச் சொத்தை வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்திரம் செல்லாததாக அறிவிக்கப்படலாம். பத்திரத்தில் அந்த நிபந்தனை எழுதியிருக்க வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் அலைபாய்ந்தன. நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நலச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் ஒரு தாய்க்கு வீட்டைத் திருப்பித் தந்தது. அன்பினால் எழுதியதாகச் சொன்னாலே பராமரிப்பு என்ற நிபந்தனை அதனுள் அடங்கியிருக்கிறது என்று 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்திர எழுத்தரின் அந்தத் தேய்ந்த வாசகத்துக்குச் சட்டம் கடைசியில் ஒரு விலை வைத்தது.

சொத்து இல்லாதவருக்கு இவை எதுவும் உதவாது. அவர் போக வேண்டியது தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம். ‘ஆதரவற்றவர்’ என்பதே ஓ.ஏ.பி. எனப்படும் முதியோர் உதவித்தொகைக்குத் தகுதி. விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலரின் முதல் கேள்வி: மகன் இருக்கிறானா? மகன் பணம் அனுப்புகிறானா என்பது இரண்டாவது கேள்வி, அதைக் கேட்டால். மகன் இருப்பது குடும்ப அட்டையிலும் ஊராரிடமும் தெரிந்துவிடும். பணம் தராமல் இருப்பதை நிரூபிக்க எந்தக் காகிதமும் கிடையாது. தாயாரும் லேசில் ‘என் புள்ள பாக்கல’ என்று நான்கு பேர் முன்னால் சொல்ல மாட்டார்.

ஆணை கிடைத்தாலும் பணம் கைக்கு வருவது தனிக்கதை. முன்பு தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்தார். இப்போது பல ஊர்களில் வங்கி முகவர் ஒரு சிறு கருவியோடு வந்து உட்காருகிறார். கட்டைவிரலை வைக்கச் சொல்வார். நாற்பது ஆண்டு சேற்றில் கிடந்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். முந்தானையால் துடைத்து மறுபடி வைப்பார்கள். அடுத்த விரல், அடுத்த கை. கருவி ஏற்காவிட்டால் ‘நாளைக்கு வாங்க பாட்டி’ என்பதுதான் பதில். ஒரு உரிமைச் சீட்டை மறுக்க மனிதரே வேண்டியதில்லை.

அரசு கொடுத்தால் பிள்ளைகள் கையை மடக்கிக்கொள்வார்கள் என்ற அச்சம்தான் ‘மகன் இருக்கிறானா’ என்ற கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. அந்த அச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு. தென்னாப்பிரிக்காவில் முதியோர் ஓய்வூதியம் தொண்ணூறுகளில் கறுப்பின மக்களுக்குப் பெருமளவில் உயர்த்தப்பட்டபோது என்ன நடந்தது என்று பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். அரசு கொடுத்த ஒவ்வொரு ராண்டுக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் கால் ராண்டிலிருந்து 30 சென்ட் வரை குறைந்தது. மீதி எழுபது சென்ட்டுக்கு மேல் முதியவருக்கு நிகர லாபம். பாட்டியின் ஓய்வூதியம் வந்த வீடுகளில் பேத்திகளின் உடல் எடை தேறியதை எஸ்தர் டுஃப்லோ காட்டினார். தாத்தா வாங்கிய வீடுகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. முதியவருக்குக் கொடுக்கும் பணம் முதியவரோடு நின்றுவிடுவதில்லை. பிள்ளைகள் குறைத்துக்கொண்ட அந்தக் கால் ராண்டும் வீணானதாக எனக்குத் தோன்றவில்லை. அதைக் குறைத்துக்கொண்ட மகனும் கூலிக்காரன்தான். அந்தப் பணத்தில் அவன் வீட்டில் யாரோ சாப்பிட்டிருப்பார்கள்.

நம் நடைமுறையில் இருக்கும் முரண் இதுதான். தாலுகா அலுவலகத்தில் ஒரு மேசை, மகன் இருக்கிறான் என்பதால் உதவித்தொகை இல்லை என்கிறது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் இன்னொரு மேசை, 2007 சட்டத்தின்கீழ் தீர்ப்பாயமாக அமர்ந்து, மகன் பார்க்கவில்லை என்ற மனுவை விசாரித்து மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி ஆணையிடுகிறது. இரண்டும் ஒரே வருவாய்த் துறை. முதல் மேசை மகனின் கடமையை நடந்துமுடிந்த உண்மையாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது மேசை அதே கடமை நடக்காததை நாள்தோறும் பார்க்கிறது. இடையில் நடந்து களைப்பது எழுபது வயதுக்காரர். மனுவைத் தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். தொண்ணூறு நாள் எதைச் சாப்பிடுவது என்று அது விரிவாகச் சொல்லவில்லை. விசாரணைக் காலத்தில் இடைக்காலத் தொகைக்கு ஆணையிடலாம் என்பதோடு சரி.

ஜெர்மனியிலும் பெற்றோரைப் பராமரிக்கும் கடமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே வரிசை வேறு. தேவைப்படும் முதியவருக்கு அரசு முதலில் கொடுக்கிறது. பிறகு பிள்ளையிடம் கேட்கிறது. அதையும் 2020 முதல், ஆண்டு வருமானம் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டும் பிள்ளையிடம் மட்டுமே. மகனைத் துரத்தும் வேலை, துரத்துவதற்கு ஆளும் அதிகாரமும் உள்ள அரசுக்கு. தாய்க்கு அதில் பங்கில்லை. சிங்கப்பூர் 1995இல் கொண்டுவந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம், நம் சட்டத்தைப் போலத் தீர்ப்பாயம் அமைத்து, பெற்றோரையே மனுதாரராக நிற்கவைத்தது.

தமிழ்நாட்டில் ஜெர்மனியின் வரிசைக்கு மாறுவதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். உதவித்தொகை அரசாணைகளால் நடப்பது. ‘மகன் இருக்கிறானா’ என்ற கேள்வியை விசாரணைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டு, வசதியான பிள்ளைகள் உள்ள மனுக்களை வட்டாட்சியரே கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்துக்கு அனுப்பிவைக்கலாம். செலவு கூடும். மாநிலத்தில் பல வகைச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களையும் சேர்த்து வாங்குவோர் 30 லட்சம் பேருக்கு மேல். இன்னும் பத்து லட்சம் பேர் சேர்ந்தால் 1,200 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 1,440 கோடி ரூபாய். கூலிக்குப் போகும் மகனிடமிருந்து அதில் ஒரு காசும் திரும்ப வராது. பொறியாளர் மகனிடமிருந்து வரலாம். அந்த இரண்டு மகன்களையும் இப்போதைய படிவம் ஒரே கட்டத்தில் டிக் அடித்து முடிக்கிறது.